கொடுத்த குரலுக்குப் பேசிய பங்கு

சில மாதங்களுக்கு முன் அல்சூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் பாஸ் புத்தகத்தை என் மேசைமீது விரித்துவைத்து, அதில் வரவு வைக்கப்பட்டிருந்த 340 ரூபாயைச் சுட்டிக்காட்டினார். "சார், இது யாரோ தப்பாப் போட்ட பணமா? திருப்பிக் கேட்பாங்களா?" என்பது அவர் கேள்வி. வீட்டு வேலைகளுக்கிடையே, கைப்பேசியில் தோன்றும் தமிழ் வாக்கியங்களை உரக்கப் படித்துப் பதிவுசெய்து அனுப்பும் பணியை அவர் ஓராண்டாகச் செய்து வந்தவர். அந்தப் பணி முடிந்து, கூலியும் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. இத்தொகை அதற்குப் பிறகு வந்தது. அவருடைய கைப்பேசிக்கு வந்திருந்த செய்தியைப் பார்த்தபோது விவரம் தெரிந்தது. முன்பு அவர் பதிவுசெய்து கொடுத்த குரலை மற்றொரு நிறுவனமும் விலைக்கு வாங்கியிருக்கிறது; அவ்விற்பனையில் அவருக்குரிய பங்கு அது.

பணம் அவருடையதே என்று கூறியதும் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே இரண்டாவது கேள்வி வந்தது: "இனிமேலும் இதே கணக்குலதான் கொடுப்பாங்களா?" அதற்கு என்னிடம் விடை இல்லை. கைப்பேசியில் இருந்த ஒப்பந்தத்தை இருவருமாகப் படித்தோம். பங்கின் விகிதத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றியமைக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் அவ்வரியைக் காணலாம். அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

பலர் சிறுகச் சிறுகக் கொடுப்பதைத் திரட்டி ஒரு பொருளாக்கி விற்பதும், விற்ற பணத்தில் கொடுத்தவர்களுக்கும் பங்கு தருவதும் இன்று ஒரு தொழில்முறையாகவே வளர்ந்திருக்கிறது. நம் பெங்களூருவில் அதற்குப் பெயர் பெற்ற முன்னோடி 'கார்யா'. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்திய ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2021-இல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாகப் பிரிந்து வந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கத் தேவையான குரல் பதிவுகளைக் கிராமத்து மக்களிடமிருந்து அது திரட்டுகிறது. 'டைம்' இதழ் 2023-இல் இவ்வமைப்பைப் பற்றி விரிவாக எழுதியது. அப்போது அதன் ஊதியம் மணிக்கு ஏறத்தாழ 5 டாலர். இந்தியாவின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் கிட்டத்தட்ட 20 மடங்கு என்று அவ்விதழ் கணக்கிட்டது. கூலியைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தது அடுத்த ஏற்பாடு: திரட்டிய தரவு மறுபடி விற்கப்படும்போதெல்லாம் அத்தொகை, பேசிக் கொடுத்தவர்களுக்கே போய்ச் சேரும். பேசியவரே தரவின் உடைமையாளர் என்பது அதன் கொள்கை.

நல்ல கொள்கைதான். ஆயினும் வங்கியில் பணியாற்றுபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விகிதத்தைச் சொன்னாலும், "இது எவ்வளவு காலத்திற்கு?" என்று கேட்கத் தோன்றும். நல்ல மனம் கொண்ட நிர்வாகி இருக்கும்வரை நல்ல பங்கு கிடைக்கும். நிர்வாகம் கைமாறினாலோ, முதலீடு செய்தவர்கள் இலாபத்தை நெருக்கிக் கேட்டாலோ என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் உள்ள வரிதான் தீர்மானிக்கும்.

என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. உலகெங்கும் உள்ள ஒளிப்படக் கலைஞர்கள் தங்கள் படங்களை 'ஷட்டர்ஸ்டாக்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழியாக விற்கிறார்கள். நம் நாட்டவரும் அவர்களில் உண்டு. ஒருவர் அங்கே தொடக்கத்திலிருந்து ஈட்டிய மொத்தத் தொகை உயர உயர, அவருடைய பங்கும் படிப்படியாக உயர்ந்து வந்தது. 2020 ஜூன் மாதம் அந்நிறுவனம் இம்முறையை மாற்றியது. பங்கு 15 முதல் 40 விழுக்காடு வரை என்றும், அந்த ஆண்டில் விற்ற படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே படிநிலை என்றும், ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அனைவரும் மீண்டும் முதற்படிக்கே வர வேண்டும் என்றும் அறிவித்தது. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்த படத்திற்கும் புதிய விதியே. சினமுற்ற கலைஞர்கள் பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வணிகம் படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். செலவு ஏறும், போட்டி வரும், விற்பனை விலை இறங்கும். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய 'குவர்க்கி' என்ற நிறுவனம், பொதுமக்கள் அனுப்பும் யோசனைகளைப் பொருள்களாக்கி விற்று, யோசனை சொன்னவருக்கும் அதைச் செப்பனிட உதவியவர்களுக்கும் விற்பனையில் பங்கு கொடுத்தது. வளைந்து கொடுக்கும் மின்செருகு பலகை ஒன்று அதன் பெயரை எங்கும் பரப்பியது. ஆயினும் 2015 செப்டம்பரில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நிறுவனமே மூழ்கிவிட்டால் பங்கு எங்கிருந்து வரும்? எனவே விகிதத்தை மாற்றும் உரிமை நிறுவனத்திற்கு வேண்டும்தான். எதற்கு மாற்றலாம், எதற்கு மாற்றலாகாது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண வெளிநாடு போக வேண்டியதில்லை; உங்கள் வைப்புச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்தாண்டு நிரந்தர வைப்பாக ஒரு தொகையை இன்று போடுகிறீர்கள். அடுத்த மாதமே வங்கி வட்டி விகிதத்தைக் குறைக்கிறது. உங்கள் சீட்டில் உள்ள விகிதம் மாறுவதில்லை. புதிதாக வைப்புச் செய்பவருக்கே புதிய விகிதம். ஊர்ப் பால் சங்கத்திலும் இதுவே முறை. இன்று கொள்முதல் விலை மாறினால், நேற்று ஊற்றிய பாலுக்கு நேற்றைய விலைதான். கொழுப்பும் சத்தும் அளந்து எழுதிய சீட்டை மறுநாள் யாரும் திருத்துவதில்லை.

"சேமிப்புக் கணக்கின் வட்டியை மட்டும் நீங்கள் நினைத்தபோது குறைக்கிறீர்களே?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதும்தான். ஏற்கெனவே கணக்கில் இருக்கும் பணத்திற்கும் புதிய விகிதம் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் குறைத்த அன்றே நீங்கள் பணத்தை முழுவதும் எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போகலாம். ஒளிப்படக் கலைஞரும் படத்தை விலக்கிக்கொள்ளலாம். அவர்கள் அதைத்தான் செய்தார்கள். அல்சூர் அம்மையாரால் எதை விலக்கிக்கொள்ள முடியும்? அவர் படித்த வாக்கியங்களைக் கேட்டு ஓர் இயந்திரம் தமிழை உச்சரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றதை மறக்கச் செய்து குரலைத் திரும்பப் பெறும் வழி அவர் கையில் இல்லை. இடையில் முறிக்க இயலாத, முதிர்வுத் தேதியும் எழுதப்படாத ஒரு வைப்பை அவர் செய்திருக்கிறார். விகிதம் மாறாமல் இருக்க வேண்டிய தேவை வேறெந்த வைப்பைக் காட்டிலும் இதற்கே அதிகம். ஆதலால் மாற்றம் எதுவாயினும் இனி வரும் பதிவுகளுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கொடுத்து முடித்தவற்றுக்குக் கொடுத்த நாளின் பங்கே நீடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பழையனவற்றுக்கும் மாற்றம் தவிர்க்க முடியாது என்று ஒரு நிறுவனம் வாதிட்டால், அதற்கும் நம் கடன் துறையில் ஒரு முறை இருக்கிறது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் அறிவார்கள்: முன்னெல்லாம் வங்கிகள் தங்கள் உள்கணக்கை வைத்தே வட்டியை மாற்றின. ஏற்றம் விரைவாக வரும். இறக்கம் ஆடி அசைந்து வரும். 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியிலான புதிய சில்லறைக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. இப்போது ரெப்போ எவ்வளவு என்பது கடன் வாங்கியவருக்கும் தெரியும். தம் வட்டி ஏன் மாறியது என்பதையும் அவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். பங்கு விகிதத்தையும் அவ்வாறே, இருதரப்பும் பார்க்கக்கூடிய ஓர் எண்ணுடன் கட்டலாம். விற்பனை விலையில் இத்தனை விழுக்காடு என்றால் விலை இறங்கும்போது பங்கும் தானே இறங்கும், ஏறும்போது ஏறும். நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்க அங்கே எதுவும் இல்லை. இதற்கு விற்பனைக் கணக்கைப் பங்களிப்பாளருக்குக் காட்ட வேண்டும். பல நிறுவனங்கள் தயங்குவது அந்த இடத்தில்தான் என்பது என் ஐயம்.

எளியவர் ஒப்பந்தத்தைப் படித்து, ஒப்பி, கையொப்பமிட்டுவிட்டார்; பிறகு புலம்பலாமா என்பது அடுத்த வாதம். 2012-இல் நம் நாடாளுமன்றம் இதற்கு விடை கூறியிருக்கிறது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரே தொகைக்கு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் அதுவரை இருந்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்து இதற்காகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டு நிறைவேறிய பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்கில் படத்துடன் ஒலிப்பது நீங்கலாக மற்ற பயன்பாடுகளுக்குரிய உரிமத் தொகையைச் சமமாகப் பெறும் உரிமையை அவர்கள் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கியது. தாமே விரும்பிக் கையொப்பமிட்டாலும் செல்லாது. பேரம் பேசும் வலிமை இல்லாதவருடைய கையொப்பம் எவ்வளவு இலேசாகக் கிடைத்துவிடும் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. வாக்கியம் படித்துக் கொடுப்பவரைப் பாடலாசிரியர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் நிலை பாடலாசிரியரின் பழைய நிலையைவிட வலிமையானதும் அன்று.

பங்கு பேசுவது ஒன்று. அது போய்ச் சேர்வது வேறு. அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிப் பழங்குடியினர் களைப்புத் தீர உண்ணும் ஆரோக்கியபச்சை என்ற செடியைத் திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் அறிவியலாளர்களுக்கு 1987-இல் காட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 1995-இல் வழங்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், விற்பனையில் 2 விழுக்காடு பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. உலகமே பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால் அப்பணத்தைச் சட்டப்படி பெற்றுக்கொள்ள அவர்களுக்கென ஓர் அமைப்பு இருக்கவில்லை. 1997-இல் அறக்கட்டளை ஒன்று பதிவான பிறகு, 1999-இல்தான் ஐந்து லட்சத்திற்குச் சற்று மேற்பட்ட முதல் தொகை அதன் கணக்கில் சேர்ந்தது. செடியைக் காட்டிய நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இருப்பதால் 340 ரூபாய்கூட உரியவரை நேராக அடைகிறது. எங்கள் துறையினர் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நிறுவனம் நொடித்துப்போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி கூறலாம். பெங்களூருவில் கட்டுமான நிலையிலேயே வீடு வாங்கியவர்கள் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தை அறிந்திருப்பார்கள். வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காட்டைக் கட்டுமானதாரர் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் கட்டுமானத்திற்கும் நிலத்திற்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது அது. பங்களிப்பாளருக்குரிய பங்கையும் விற்பனைப் பணம் வந்த அன்றே அப்படியொரு தனிக் கணக்கிற்கு மாற்றிவிட்டால், அது நிறுவனத்தின் பொதுப் பணத்தோடு கலந்து கரையாது. இதைச் செய்யப் புதிய சட்டத்திற்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விருப்பமுள்ள நிறுவனம் எந்த வங்கிக் கிளையிலும் கேட்கலாம்.

கர்நாடக அரசு 2025-இல் இயற்றிய தளத் தொழிலாளர் சட்டம், வாகன ஓட்டிகளையும் உணவு கொண்டு சேர்ப்போரையும் முதன்மையாகக் கருதியது. அவர்களுக்குத் தரும் தொகையின்மீது 1 முதல் 5 விழுக்காடு நலக் கட்டணம் வசூலிக்க அது வழிசெய்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் என்றோ செய்து முடித்த வேலைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கும் பங்கு என்பது வேறு வகை வருமானம். அதன் விகிதத்தை யார், எந்த முன்னறிவிப்போடு, எதுவரை மாற்றலாம் என்பதைத் தனியே எழுதியாக வேண்டும். நாளைக்கு இவ்வருமானத்தைக் காட்டி ஒருவர் கடன் கேட்டால், அதைக் கணக்கில் எடுக்கலாமா என்று முடிவு செய்யும் நாற்காலியில் என்னைப் போன்றவர்கள் இருப்போம். எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய பங்கை வருமானம் என்று நான் எப்படி எழுதுவேன்?

அல்சூர் அம்மையாரிடம் அன்று நான் சொல்ல முடிந்தது சிறிதே. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியுமாறு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் வந்தால் பழையது எது என்று காட்டவாவது உதவும் என்றேன். தமக்குப் பின்னால் வரும் தொகை யாருக்குப் போகும் என்று அவர் கேட்டார். அந்த ஒப்பந்தத்தில் வாரிசு நியமனத்திற்கு இடமே இல்லை. எங்கள் கணக்கில் இருந்தது; ஆனால் அவர் அதை நிரப்பாமல் விட்டிருந்தார். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். மகள் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, 340 ரூபாயில் 300-ஐ எடுத்துக்கொண்டு போனார்.