கடலடியில் தமிழுக்கு மூச்சு முட்டுமா?

சிக்கன விடுமுறையாக நானும் கணவரும் மெர்சிங் வரை பேருந்திலும் பின்னர்ப் படகிலும் தியோமான் தீவுக்குச் சென்று, ஸ்கூபா முக்குளிப்புக் கற்றோம். திரும்பியபின் தேக்காவில் சந்தித்த பெற்றோர் ஒருவர், "இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா, டீச்சர்?" என்றார்.

முடியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கிருந்து மூச்சை அடக்கியபடி மேலேறினால், நுரையீரலில் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இதில் எந்தக் கருத்துக்குத் தமிழில் சொல் இல்லை?

கொற்கையில் முத்துக்குளித்தோரின் மொழியைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஒதுக்கியவர்கள் நாமே. பிள்ளையின் கடற்கதையை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, கட்டுரைக்கு மட்டும் தமிழைத் தேடாதீர்கள். இக்குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.