கரண்டி ஒன்று, கூலி மூன்று!

"நாடு ஒன்று, மக்கள் ஒன்று" என்று மேடையிலே முழங்குகிறார்கள். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் தோழர்களே, கொத்தனார் கையிலே இருக்கிறதே கரண்டி, அதைக் கேளுங்கள். அது வேறு கதை சொல்லும்.

கற்பனை பேசவில்லை நான். ரிசர்வ் பாங்கு வெளியிட்ட கணக்கையே எடுத்துக் காட்டுகிறேன். 2022-23ஆம் ஆண்டில் கேரளத்துக் கிராமத்திலே கட்டட வேலைக்குப் போன ஆண் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852 ரூபாய் 50 காசு. மத்தியப் பிரதேசத்திலே அதே வேலைக்கு 278 ரூபாய் 70 காசு. நாட்டின் சராசரி 393 ரூபாய் 30 காசு. கழனியிலே இறங்கி உழைத்தவனுக்கு? கேரளத்தில் 764 ரூபாய் 30 காசு, மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய் 20 காசு. தொழில் வளத்துக்குத் திலகம் என்று போற்றப்படும் குஜராத்திலேயோ 241 ரூபாய் 90 காசு! ஆலை பெருகியது, அணை உயர்ந்தது, துறைமுகம் விரிந்தது. உழவன் கூலி மட்டும் நாட்டின் சராசரியைக்கூட எட்டவில்லை.

மாதத்திற்கு 25 நாள் வேலை கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். (கிடைக்கிறதா என்பது வேறு விஷயம்.) மத்தியப் பிரதேசத்துக் கட்டடத் தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுபோவது 7,000 ரூபாய்க்கும் குறைவு. கேரளத்துக்காரன் கொண்டுபோவது 21,000க்கு மேல்!

"அந்தந்த ஊர் விலைவாசிக்குத் தக்கபடிதானே கூலி?" என்று கேட்கிறார் ஒரு கனவான். கேட்கட்டும். கேரளத்தில் அரிசியும் காய்கறியும் மலையேறி வருகின்றன, விலை கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மடங்கா கூடுதல்? சிமெண்டு மூட்டையும் தங்கமும் போபாலிலே மூன்றில் ஒரு பங்கு விலைக்கா விற்கின்றன? 2016 முதல் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்தார்களே, போபாலுக்கு ஒன்று, திருவனந்தபுரத்துக்கு ஒன்று என்றா வைத்தார்கள்? நாற்காலியிலே அமர்ந்தவருக்கு நாடு ஒன்று. சாரத்திலே ஏறியவனுக்கு மட்டும் நாடு பலவா?

கேரளத்து மண்ணிலே கூலி தானாக முளைத்ததா? முதலாளிமார் மனமிரங்கித் தந்தார்களா? இல்லவே இல்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெங்கானூர் அய்யன்காளி, தன் இனத்துக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்காவிட்டால் வயலிலே கால் வைக்கமாட்டோம் என்று உழவர்களைத் திரட்டி நிறுத்தினார். விளைநிலத்திலே களை மண்டியது. கைகட்டி நின்ற கூட்டம், கையை இறக்கினால் என்ன ஆகும் என்பதை அன்று தெரிந்துகொண்டது.

பிறகு சங்கங்கள் வந்தன. 1970 சனவரி முதல் நாள் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. குத்தகை ஒழிந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பெரிதாக நினைப்பது இன்னொன்றை: குடிசை போட்டிருந்த கூலிக்காரனுக்குக் கிராமத்திலே 10 சென்ட் வரை மண்ணை வாங்கும் உரிமை வந்ததே, அதை! அதுவரையில் "கூடக் கேட்கிறாயா? குடிசையைப் பிரித்துக்கொண்டு போ!" என்பதுதான் ஆண்டையின் ஆயுதம். குடிசையடி மண் அவனுடையதான அன்றே அந்த ஆயுதம் முனை மழுங்கியது. 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். ஊரிலே ஆளுக்குத் தட்டுப்பாடு. கூலி மேலும் ஏறியது.

"கூலி ஏறினால் ஊர் பாழாகும்" என்றார்கள். நெல் வயல் சுருங்கியது உண்மை. 1970களில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது இன்று ஏறத்தாழ 2 லட்சம். படித்தவர் வேலையின்றி அலைவதும் உண்மை. ஆனால் ஊர் பாழாகியிருந்தால் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஏன் இரயில் இரயிலாக வந்து இறங்குகிறார்கள்? 2013இல் எடுத்த ஆய்வொன்று, அப்படி வந்தவர்கள் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுக்கு முன்னே செங்கோட்டை கடந்து, புளியரை கடந்து, தூக்குக்குண்டும் கரண்டியுமாகப் போனவன் நம் தமிழன்தான்! இங்கே 500 ரூபாய் 90 காசு. மலைக்கு அந்தப் பக்கம் 852. நாட்டின் சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று நாம் மார்தட்டலாம். தென்காசிக் கொத்தனார் பேருந்துக்குக் காத்திருக்கிறாரே, அவரிடம் போய்த் தட்டிக்காட்ட முடியுமா?

கேரளத்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாயிலிலே ஆஷா பணிப்பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியையும் நோயாளியையும் பார்ப்பவர்கள். ஊக்கத்தொகை தனி, மாநில அரசு தந்த மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய். நாளொன்றுக்கு வகுத்துப் பாருங்கள், 233 ரூபாய்! மத்தியப் பிரதேசத்துக் கழனிக் கூலியைவிட 4 ரூபாய் அதிகம், அவ்வளவுதான். அவர்கள் கேட்டது 21,000. மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்காக இருந்த பிறகு கூட்டிக் கொடுத்தது 1,000.

டில்லியின் சங்கதி என்ன? நாடு முழுவதற்குமான அடிமட்டக் கூலி என்று 2017இல் 176 ரூபாயை வைத்தார்கள். அதையும் மாநிலங்கள் ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அன்று இருக்கவில்லை. 2019இல் மத்திய அரசே அமைத்த நிபுணர் குழு நாளொன்றுக்கு 375 ரூபாயாவது வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழுவை அமைத்தவர்களே அந்த அறிக்கையை வாங்கி, 176ஐ 178 ஆக்கினார்கள். ஏற்றம் 2 ரூபாய்!

அந்த 2 ரூபாயை மத்தியப் பிரதேசத்து வயலிலே நிற்பவனிடம் எந்த அமைச்சர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்?