மூக்கை வெச்சு ஒரு கேரியர்!

சடையங்குப்பம் பக்கம் முதல் தடவை பைக்கில் போகிறவர் கர்சீஃபைத் தேடுவார். அங்கேயே இருக்கிறவரைக் கேளுங்க, 'என்ன ஸ்மெல்?' என்பார். பொய் இல்லை பாஸ், மூக்கு பழகிடுச்சு!

இந்தப் பழக்கத்தையே ஆராய்ச்சி ஆக்கியவர் பமீலா டால்டன். ருசிக்கும் வாசனைக்கும் என்றே 1968-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பித்த மோனெல் மையத்தின் சைக்காலஜிஸ்ட். 1996-ல் வந்த அவருடைய ஆய்வில், ஒரே வாசனை, ஆனா ஆளுக்கொரு கதை. 'இயற்கைச் சாறு, நல்லது' என்று கேட்டவர்களுக்கு நேரம் போகப் போக வாசனை குறைந்தது. 'கெமிக்கல், ஆபத்து' என்று கேட்டவர்களுக்குக் குறையவே இல்லை. அதே வருடம் இன்னொரு ஆய்வு: வீட்டில் 2 வாரம் ஒரே வாசனையோடு இருந்தவர்களுக்கு, அந்த வாசனைக்கு மட்டும் மூக்கு மந்தமாகிவிட்டது!

'அதுக்கென்ன இப்போ?' என்கிறீர்களா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஊரை எழுப்பியது நெடியும் கண் எரிச்சலும்தான். ஆனா, தினமும் லேசாக வருகிற வாடைக்கு அந்த அலாரம் அடிக்காது. 'நாத்தம் இல்லை, அதனால காத்து சுத்தம்' என்று நம்பவும் முடியாது. 'எல்லாம் மனப்பிரமை' என்று மக்களைத் தள்ளவும் கூடாது.

சைக்காலஜி மக்களே, கவுன்சலிங் மட்டும்தான் வேலைன்னு யார் சொன்னது? மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ-யில் மனுஷங்களை வெச்சே ருசியையும் மணத்தையும் அளக்கிறார்கள். காற்றை அளக்க எங்க இன்ஜினீயரிங் பசங்க மீட்டர் மாட்டுறோம். மூக்கை அளக்க நீங்க வாங்க!