உற்பத்தி நின்ற வண்டிக்கு ஒரு போல்ட்

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒன்பதாறு சோதனைச்சாவடியையும் சின்னாறு வனத்தையும் கடந்து, யானை குறுக்கிட்டால் அதற்கு வழிவிட்டு நின்று, வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, கேரள எல்லைக்குள் இருக்கும் மறையூருக்கு ஏறிவரும் வாகனங்களில், ஜீப்புகளுக்கும் சுற்றுலாப் பிரயாணிகளின் புத்தம்புதிய பெரிய கார்களுக்கும் நடுவே, ஒரு பழைய மாருதி 800 கண்ணில் படாமல் இருப்பது அபூர்வம். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒப்படைத்ததோடு ஆரம்பமான அதன் சரித்திரம், 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றதோடு முடிந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பக்கத்திலுள்ள காந்தலூரிலிருந்து பூண்டு மூட்டையை இறக்கிவரவும், கரும்பாலைக்கு டீசல் வாங்கிவரவும், நோயாளியை ஏற்றிக்கொண்டு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலுள்ள உடுமலைக்கு விரையவும், அந்த வண்டிகள் இங்கே இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இத்தகைய வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடிய கோளாறுகளுள், அற்பமான ஒரு பொருளால் பெரிய நஷ்டத்தை உண்டாக்குவது, கேம்ஷாப்ட் புல்லியைப் பிடித்திருக்கும் ஒற்றைப் போல்ட் முறிந்துபோவதுதான். மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய அந்த இன்ஜினில், கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பது பல்வைத்த ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட் இழுக்கும் புல்லி, கேம்ஷாப்டின் முனையில் ஒரு சிறு பின் கொண்டு நிலைகுறிக்கப்பட்டு, நடுவே ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. விசையைத் தாங்குவது பின் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், உண்மை அதுவன்று. உரிய அளவு முறுக்கப்பட்ட போல்ட் மயிரிழையளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயன்று, அந்த முயற்சியினால் புல்லியைக் கேம்ஷாப்டின் முகத்தோடு அழுத்திப் பிடிக்க, அவ்வழுத்தத்திலிருந்து பிறக்கும் உராய்வே சுழற்சியைக் கொண்டுசெல்கிறது. இறுக்கம் குறைந்தால் புல்லி ஆடிப் பின்னை அரிப்பதோடு போல்ட்டையும் ஓயாமல் அலைக்கழித்து உலோகத்தைக் களைப்புறச் செய்யும். மிகுந்தாலோ, உலோகம் தன் எல்லையைக் கடந்து நீண்டு மெலிந்துவிடும்.

எந்தக் காரணத்தால் முறிந்தது என்பதை முறிந்த தலையே சொல்லிவிடும். அதை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தால், முறிவுமுகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரந்தும், எஞ்சிய பகுதி மறையூர் வெல்ல உருண்டையை உடைத்த இடம்போலக் குறுமணலாகவும் காணப்பட்டால், விரிசல் நெடுநாளாக மெல்ல ஊர்ந்துவந்து கடைசிக் கணத்தில் ஒரேயடியாக அறுந்தது என்று கொள்ளலாம். முகம் முழுவதும் ஒருபுறமாகத் திருகிய கோலத்தில் இருந்தால், போன தடவை பெல்ட் மாற்றியவர் ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி இழுத்த பராக்கிரமம் அது. நம் பட்டறைகளில் இந்தப் பராக்கிரமத்துக்கு இருக்கும் மரியாதை சற்று அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, உள்ளே சிக்கிய துண்டை எடுக்கும் வித்தையைச் சொல்லவேண்டும். தலை போனவுடன் இழுவிசையும் போய்விடுவதால், துரு ஏறாத துண்டு பெரும்பாலும் தளர்ந்தே இருக்கும். கூரான பஞ்ச் கருவியை அதன் ஓரத்தில் சாய்த்து வைத்து, சிறு சுத்தியலால் இடஞ்சுழியாகத் தட்டித் தட்டி வெளிக்கொணரும் பொறுமைசாலிகள் உண்டு. அதற்கு மசியாவிட்டால் நடுவில் புள்ளியடித்து, டிரில்லால் துளைத்து, எதிர்மரை கொண்ட ஈஸி அவுட் என்ற கருவியைச் செலுத்தித் திருப்புவார்கள். இங்கேதான் ஆபத்து. கடினப்படுத்திய எஃகால் ஆன அந்தக் கருவி உள்ளே முறிந்துவிட்டால், அதைத் துளைக்கச் சாதாரண டிரில் எதற்கும் சக்தியில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் செய்து திருகுவது வேறொரு மார்க்கம். ஆனால் புல்லிக்குப் பின்னாலுள்ள ரப்பர் ஆயில் சீல் அந்த உஷ்ணத்தில் கருகிவிடும் என்பதால், கூடவே அதையும் மாற்ற நேரும். தவிரவும் இன்ஜின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் வண்டியில், பெல்ட் இருக்கும் பக்கம் பாடியை ஒட்டிக் கிடப்பதால், டிரில் மிஷின் நேராக நுழைய இடமே இராது. சாய்ந்து துளைத்தால் கேம்ஷாப்டின் மரை பாழ். ஆகவே விவேகமுள்ள மெக்கானிக், இன்ஜின் மவுண்டிங்கைக் கழற்றி ஜாக்கியில் தாங்கவைத்து இடம் உண்டாக்குவார். அல்லது கேம்ஷாப்டையே உருவி, சாக்கில் சுற்றி, உடுமலை பஸ்ஸில் ஏற்றி லேத்துக்கு அனுப்புவார். லேத்தின் சக்கில் பிடித்துத் துளைத்தால் துளை மையம் தவறாது, மரை தப்பும்.

பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே உடுமலை வழியாக 1920-ல் ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கி, பின்னர் கோயம்புத்தூரின் யந்திரத் தொழிலுக்கே முன்னோடியான ஜி. டி. நாயுடுவின் கைத்தேர்ச்சி மரபு, அந்த லேத் பட்டறைகளில் இன்றும் அற்றுப்போகவில்லை. சாமர்த்தியத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் விவரத்துக்குத்தான். புதிய போல்ட்டை எத்தனை அளவு முறுக்கவேண்டும், மரையில் எண்ணெய் தடவலாமா கூடாதா, பழைய போல்ட்டைத் திரும்பப் போடலாமா, அது எந்தத் தரத்தது என்பனவற்றைக் கூறும் பணிமனைக் கையேடு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் மெக்கானிக்கிடம் இல்லை. போல்ட்டின் தலையில் பொறித்த 8.8, 10.9 என்ற எண்கள் வெறும் அலங்காரமல்ல. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், சதுர மில்லிமீட்டர் ஒன்றுக்கு அந்த உலோகம் எத்தனை நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பது கிடைக்கும். இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 4.6 போல்ட்டை, 8.8 இருக்கவேண்டிய இடத்தில் மரை பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால், பாதி பலத்தைக் கொண்டு முழு வேலை வாங்கப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

இந்தக் குறையை அரசாங்கம் அறியாததல்ல. சுயேச்சையான பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தாராளமாகக் கிடைக்கவிடாமல் தடுத்ததாகக் கூறி, 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அவற்றைப் பொதுச்சந்தையில் கிடைக்கச் செய்யும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு பிறகு மேல்முறையீடுகளிலும் வழக்குகளிலும் சிக்கிக்கொண்டது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே 2022-ல், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழுதுபார்க்கும் உரிமை குழுவளவிலும், அதற்கென அரசாங்கம் திறந்த இணையதள அளவிலும் நிற்க, கட்டணம் மட்டும் குறித்த தேதியில் தவறாமல் மலையேறி வந்துவிட்டது.

பழைய வண்டி புகை கக்கும், மோதினால் காக்காது என்று சொல்வாரின் வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. கார்புரேட்டர் காலத்து இன்ஜின் இன்றைய இன்ஜினுக்கு ஈடாகாது. டில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளை விலக்கும் உத்தரவு பிறந்ததற்கு அந்நகரத்துக் காற்றே நியாயம் கூறும். ஆனால் வயதுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்தாண்டு ஓட்டலாம் என்று சர்க்காரே சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, அந்த ஐந்தாண்டும் வண்டி பத்திரமாக ஓடுவதற்கு வேண்டிய அறிவை ஒளித்துவைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? தகுதியற்றவர் கையில் கையேடு கிடைத்தால் விபத்து நேரும் என்று நிறுவனங்கள் ஆட்சேபிக்கக்கூடும். கையேடு இல்லாமலேயே அவர்கள்தாம் இப்போதும் அந்த வண்டிகளைப் பழுதுபார்க்கிறார்கள் என்பதே அதற்குப் பதில்.

ஆகையால், ஒரு மாதிரியின் உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம், அதன் பணிமனைக் கையேட்டையும் முக்கியமான போல்ட்டுகளின் தரம், மரை, முறுக்கு அளவு ஆகியவற்றின் அட்டவணையையும் போக்குவரத்துத் துறையிடம் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் விதிக்கவேண்டும்; துறை அவற்றைப் பிராந்திய பாஷைகளில் அச்சிட்டு இலவசமாக வெளியிடவேண்டும். மறையூரைப் போன்ற எல்லைப் பிரதேசத்துக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டும். ஏனெனில் வண்டிக்காரர் ஒரு பாஷையும், மெக்கானிக் மற்றொன்றும் வாசிப்பவராக இருப்பது இங்கே சகஜம். அச்சுச் செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்களாயின், புதுப்பித்தல் கட்டணத்தில் 2022-ல் ஏறிய 4,400 ரூபாயில் ஒரு சிறு பங்கு போதும்.