ஆர்.சி. இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு... ஆனாலும் கார் பறிமுதல் ஆவது ஏன்? வெளிநாட்டு வாகனங்களின் 'தகுதிச் சான்று' சிக்கல்

2025 செப்டம்பர் 23 அன்று கேரளா முழுவதும் சுங்கத்துறை ஒரு பெரிய சோதனை நடத்தியது. பெயர் 'ஆபரேஷன் நும்கோர்'. பூடானின் ஜோங்கா மொழியில் நும்கோர் என்றால் வாகனம். பூடான் வழியாக இந்தியாவுக்குள் கடத்தி வரப்பட்டவை என்று சொல்லி, முதல் நாளிலேயே 36 வண்டிகளை அதிகாரிகள் எடுத்துச் சென்றார்கள். பெரும்பாலும் பழைய லேண்ட் குரூஸர், டிஃபெண்டர் ரகங்கள்.

மலையாள நடிகர்கள் சிலரின் வீடுகளிலும் சோதனை நடந்ததால் செய்தி முழுக்க அவர்களையே சுற்றியது. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. பிடிபட்ட வண்டிகள் நம்பர் பிளேட் இல்லாமல் ஒளித்து வைக்கப்பட்டவை கிடையாது. இந்திய பதிவு எண்ணோடு, ஆர்.சி.யோடு சாலையில் ஓடிக்கொண்டிருந்தவை. சில வண்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் மாறியவை. தன் டிஃபெண்டர் பறிமுதல் ஆனதும் நடிகர் துல்கர் சல்மான் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆவணங்களை நம்பி நல்லெண்ணத்தில் வாங்கிய வண்டி என்பது அவர் தரப்பு வாதம். தற்காலிகமாக வண்டியை விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி அக்டோபரில் நீதிமன்றம் சுங்கத்துறையிடம் சொன்னது.

ஆர்.சி. இருந்தால் போதாதா? போதாது. ஏன் என்று புரிய, வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பு அதற்கு என்னென்ன காகிதம் பிறந்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

ஹோமோலோகேஷன் என்றால் என்ன?

இந்தியாவில் தயாரானாலும் வெளியிலிருந்து வந்தாலும், ஒரு வண்டி மாடல் நம் விதிகளுக்குப் பொருந்துகிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். பிரேக், விளக்கு, புகை, சத்தம், சீட் பெல்ட் என எல்லாமே இதில் அடக்கம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126ஆவது விதி இதைச் சொல்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஹரியானாவின் மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்கள்தான் இந்தச் சோதனையைச் செய்கின்றன. இதைத்தான் வாகனத் துறையில் ஹோமோலோகேஷன் என்கிறார்கள்.

மாடலுக்கு ஒப்புதல் வாங்கினால் மட்டும் முடிந்துவிடாது. அதே தரத்தில்தான் தொடர்ந்து தயாரிக்கிறார்களா என்று பார்க்கும் உற்பத்தி இணக்கச் சோதனையும் உண்டு. கடைசியாக, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக 'படிவம் 22' வரும். புகை, பாதுகாப்பு, சாலைத் தகுதி எல்லாம் விதிப்படி சரி என்று அந்த வண்டியின் சேசிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ கையெழுத்திடும் சான்று அது. உங்கள் புதுக் கார் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும். ஷோரூமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் நம்மில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டோம்.

ஐரோப்பிய சான்று இங்கே ஏன் செல்லாது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு காருக்கும் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் கன்ஃபார்மிட்டி' என்ற இணக்கச் சான்று தரப்படும். ஜெர்மனியில் வாங்கிய காரை ஃபிரான்ஸில் பதிவு செய்யப் போனால் அதைக் காட்டினால் போதும், மறுபடி தொழில்நுட்ப ஒப்புதல் தேவையில்லை. அதே காகிதத்தை இந்திய ஆர்.டி.ஓ. கவுண்டரில் நீட்டினால் அது வெறும் காகிதம்தான்.

காரணம் கொஞ்சம் பழையது. வாகன விதிகளுக்கு ஐ.நா.வின் கீழ் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. 1958 ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், அதன் விதிகளின்படி ஒருவர் கொடுத்த ஒப்புதலை மற்றவர் ஏற்க வேண்டும். 1998 ஒப்பந்தம் பொதுவான தொழில்நுட்ப விதிகளை உருவாக்குவதோடு நின்றுவிடும். சான்றை ஏற்கும் கட்டாயம் அதில் இல்லை. இந்தியா 2006-இல் இரண்டாவதில் மட்டும் சேர்ந்தது. அதனால் நம் விதிகள் பலவும் ஐரோப்பிய விதிகளை ஒட்டியே எழுதப்பட்டிருந்தாலும், சோதனை மட்டும் இங்கே மறுபடி செய்ய வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. 2018 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு தளர்வு கொடுத்தது. சர்வதேசத் தரத்தில் ஒப்புதல் பெற்ற, வலது பக்க ஸ்டீயரிங் கொண்ட கார்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே ஹோமோலோகேஷன் இல்லாமலே கொண்டுவரலாம். அதற்கு முன்பு 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள, பெரிய இன்ஜின் கார்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை இருந்தது. 2020-இல் ஃபோக்ஸ்வாகன் டி-ராக், ஸ்கோடா கரோக், 200 மட்டுமே வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 245 எல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவைதான். 'லிமிடெட் எடிஷன், சில நாளில் விற்றுத் தீர்ந்தது' என்று விளம்பரம் பார்க்கும்போது, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இந்த விதியும் இருக்கலாம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது நிறுவனங்களுக்கும் அவற்றின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகளுக்குமான வாசல். லண்டனில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் உங்களுக்கு இல்லை.

'என் காரை நானே கொண்டு வரேன்' என்றால்?

துபாய், தோஹா, ரியாத்தில் இருப்பவர்களுக்குப் பதில் ரொம்பச் சின்னது: முடியாது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். இந்தியாவில் நிரந்தரமாகப் பதிவு செய்ய வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இறக்குமதிக் கொள்கையிலேயே இருக்கிறது. 'கேரளாவில் துபாய் நம்பர் வண்டி ஓடுதே' என்று கேட்பீர்கள். அவை கார்னெட் எனப்படும் தற்காலிக அனுமதியில் வந்தவை. குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்ப எடுத்துப் போயாக வேண்டும். இங்கே விற்கக் கூடாது.

இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றால் ஸ்டீயரிங் பிரச்சினை இல்லை. அடுத்த தடை வயது. பயன்படுத்திய வண்டி, தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இங்கிலாந்து கார்களில் மைல் என்பதால் இதுவும் ஒரு வேலை. முகப்பு விளக்கு, இடது பக்கமாகச் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறக்குமதியாகும் நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு சாலையில் ஓடும் தகுதி வேண்டும், சர்வீஸ் வசதிக்கும் உறுதி தர வேண்டும்.

சான்று ஒன்றல்ல, இரண்டு. கப்பலில் ஏற்றும் முன்பு, இந்திய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று அங்கே உள்ள அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு ஒரு சான்று தர வேண்டும். வந்து இறங்கிய பிறகு, துறைமுகத்திலிருந்து விடுவிக்கும் முன்பு, இந்தியச் சோதனை மையம் ஒன்று மறுபடி பார்த்துச் சான்று தர வேண்டும். இதோடு இன்னொன்று: பயன்படுத்திய வண்டி மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர முடியும். புதுக் காரைச் சென்னையில் இறக்கலாம். ஆனால் நீங்கள் ஓட்டிய காரை மதுரைக்குக் கொண்டுவர மும்பைக்குப் போயாக வேண்டும்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒரு புதிய பெட்ரோல் எஸ்.யு.வி., இறக்குமதி மதிப்பு 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரிகள் மொத்தம் சுமார் 110 சதவீதம், அதாவது 55 லட்சம். இரண்டும் சேர்ந்து 1.05 கோடி. இந்த மொத்தத்தின் மேல்தான் 40 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அது 42 லட்சம். ஆக 1.47 கோடி. கப்பலில் வந்த 50 லட்சம் காருக்கு 97 லட்சம் வரி. சாலை வரி தனி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு அது 20 சதவீதம்.

பூடான் வழி ஏன் லாபகரமானது?

பூடானிலும் வண்டிகள் இடது பக்கம்தான் செல்லும், ஸ்டீயரிங் வலது பக்கம். எல்லை திறந்த எல்லை. பார்வைக்கு இந்திய வண்டிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

'வரி ஏய்ப்பு' என்றுதான் இந்த வழக்கைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். என் கணிப்பில் அது பாதிதான். 15 வருஷம் ஓடிய ஒரு லேண்ட் குரூஸரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும், முழு வரியும் கட்டத் தயார் என்று நீங்கள் சொன்னாலும் மேலே சொன்ன வழியில் இடமில்லை. 3 ஆண்டு விதியிலேயே கதவு மூடிவிடும். அதாவது இந்த வண்டிகளுக்கு உண்மையான இறக்குமதி ஆவணம் இருக்கவே வாய்ப்பில்லை. அதனால் மோசடி செய்ய நினைப்பவர்கள், வண்டி 'இறக்குமதியே ஆகவில்லை' என்பது போல வேறு ஒரு பிறப்புக் கதையைத் தயாரிக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் 47ஆவது விதி வருகிறது. பதிவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அது சொல்கிறது. சாதாரண வண்டிக்கு விற்பனைச் சான்றும் படிவம் 22-உம். இறக்குமதி வண்டிக்குச் சுங்கத்துறையின் விடுவிப்புச் சான்று. ராணுவம் கழித்துவிட்ட வண்டிக்கு, சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரிகள் தரும் விற்பனைச் சான்று. இந்தக் கடைசி வகையைக் கவனியுங்கள். பழைய வண்டி, முதல் முறையாகப் பொதுப் பதிவுக்கு வருகிறது. 'இவ்வளவு வருஷம் எங்கே இருந்தது?' என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடுகிறது. ராணுவம், தூதரகங்கள் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டன என்று சுங்கத்துறை குற்றம்சாட்டியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், அந்தச் சான்றைக் கொடுத்த அலுவலகத்தை அழைத்துச் சரிபார்த்தாரா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. 'பரிவாகன்' தரவுத்தளத்திலேயே திருத்தங்கள் நடந்ததாகவும் குற்றச்சாட்டு இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை, குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டாகவே பார்க்க வேண்டும்.

வாங்கியவர் கதி?

இரண்டு சட்டங்கள் இரண்டு பக்கத்திலிருந்து பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55(5) பிரிவு, பொய்யான ஆவணங்களின் அடிப்படையில் நடந்த பதிவை ரத்து செய்யலாம் என்கிறது. சுங்கச் சட்டத்தின் 111ஆவது பிரிவு, விதியை மீறி நாட்டுக்குள் வந்த பொருளைப் பறிமுதல் செய்ய அனுமதிக்கிறது. குற்றம் வண்டியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும். 125ஆவது பிரிவின் கீழ் அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பு உண்டு. தடை செய்யப்பட்ட பொருள் என்றால் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் முடிவு. மீட்டாலும் வண்டியைச் சாலையில் இறக்க மறுபடி பதிவு வேண்டும், அதற்கு மறுபடி தகுதிச் சான்று வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வரும்.

அதனால் செகண்ட் ஹேண்டில் வெளிநாட்டு வண்டி பார்க்கிறீர்கள் என்றால், பேரம் பேசும் முன்பு சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 17 இலக்க எண்ணில் முதல் எழுத்து நாட்டைக் காட்டும். ஆங்கில 'எம்' எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்பு. 'ஜே' என்றால் ஜப்பான், 'டபிள்யூ' என்றால் ஜெர்மனி. ஜப்பான் எண் என்றால் சுங்கத்துறையின் 'பில் ஆஃப் என்ட்ரி' நகலைக் கேளுங்கள். அதன் எண், தேதி, துறைமுகம் மூன்றும் கையில் இருந்தால் ஐஸ்கேட் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். அதில் உள்ள தேதியையும், வண்டி தயாரான ஆண்டையும், ஆர்.சி.யில் உள்ள முதல் பதிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2006 மாடல், முதல் பதிவு 2019 என்று இருந்தால் நடுவில் 13 வருஷம் வண்டி எங்கே இருந்தது என்று விற்பவர் காகிதத்தோடு சொல்ல வேண்டும். 'ராணுவ ஏலத்தில் எடுத்தது' என்றால் ஏல ஆவணத்தைக் கேளுங்கள். வண்டி வேறு மாநிலத்தில் முதலில் பதிவானது என்றால், அந்த ஆர்.டி.ஓ.வில் மூலப் பதிவு ஃபைலை ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது. செலவு ஒரு ரயில் டிக்கெட்தான்.

அடுத்து என்ன?

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான பிரிட்டன் கார்களுக்கு 100 சதவீதத்தைத் தாண்டிய சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வழி செய்கிறது. இது தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் புதுக் கார்களின் வர்த்தகத்தை மனதில் வைத்தது. நீங்கள் பர்மிங்காமில் 4 வருஷம் ஓட்டிய கார் இன்றைக்கும் அதே 3 ஆண்டு விதி, அதே இரண்டு சான்று, அதே மும்பை துறைமுகம்.