முதல் வருஷத்துச் சோதனை

அரசினர் பள்ளி மாணாக்கர்களுக்கென வைத்தியக் கலாசாலைகளில் 2020-லும், எஞ்சினீயரிங் முதலிய தொழிற்கல்விகளில் 2021-லும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 7.5 வீதம் ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. வாயில் திறந்தது நன்றே. ஆயினும், 12 வருஷம் தமிழிலேயே பயின்றவர்கள் முதல் வருஷத்தில் ஆங்கிலப் பிரசங்கத்தின் நடுவே ஊமைகள்போல் உட்காருகின்றனர். நன்கறிந்த கணிதமும் அந்நியமாய்த் தோன்றுகிறது. இது புத்திக் குறைவன்று, பாஷையின் தடையே. அண்ணா சர்வகலாசாலை 2010-ல் சிவில், மெக்கானிகல் பாடங்களைத் தமிழிலும் போதிக்கத் தொடங்கிற்று. அவ்வசதியில்லாத கலாசாலைகளில், முதல் வருஷமேனும் ஆசிரியர்கள் பாடத்தைத் தமிழிலும் விளக்குதல் அவசியம். சேர்த்துக்கொண்டு கைவிடுதல் தர்மமாகாது. தேசாபிமானிகள் இதனை ஒவ்வோர் ஊரிலும் வற்புறுத்துவார்களாக.