இறங்குமிடம் எது?

அமெரிக்காவில் தயாரான ஓர் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நம் வார இதழில் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. ‘ஸ்நோபியர்சர்’ தொடரின் நான்காவதும் இறுதியுமான பருவம் 2024 ஜூலை 21 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. உலகம் அழிந்த பின் எஞ்சியவர்கள் எங்கே வாழ்வது என்று திரையில் ஒரு கதை கேட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், நிவாரண முகாம்களில் இருந்த தோட்டத் தொழிலாளர்களும் அதையேதான் கேட்டார்கள். மூணாற்றில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலவில்லை.

தொடரைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். புவி வெப்பமாவதைத் தடுக்க விஞ்ஞானிகள் வானில் ஒரு வேதிப்பொருளைப் பரப்புகிறார்கள். கணக்குப் பிழைத்து, பூமி முழுவதும் உறைந்துவிடுகிறது. 1001 பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் மட்டும் நிற்காமல் உலகைச் சுற்றி ஓடுகிறது. நின்றால் உள்ளே இருப்பவர்கள் உறைந்து சாவார்கள். முன்பெட்டிகளில் முதல் வகுப்புச் சீமான்கள். நடுவே ரயிலின் வேலைகளையெல்லாம் செய்யும் மூன்றாம் வகுப்பினர். கடைப்பெட்டிகளில் பயணச்சீட்டின்றி முண்டியடித்து ஏறிய ஏழைகள். எதிர்த்துப் பேசும் கடைப்பெட்டிக்காரரின் கையை வெளிக்குளிரில் நீட்டி உறையவைத்து உடைப்பது அங்கே தண்டனை. 1982-இல் பிரெஞ்சு மொழியில் ழாக் லோப் எழுத, ழான்-மார்க் ரோஷெத் வரைந்த சித்திரக்கதையே இதன் மூலம். 2013-இல் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ அதைத் திரைப்படமாக்கினார். 2020 மே மாதம் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது.

வர்க்கத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் தொடர்கள் குறைவு. முதல் பருவத்தில், ரயிலைப் படைத்த வில்ஃபோர்ட் எஞ்சினில் இருக்கிறார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அவர் அங்கே இல்லை. மெலனி என்ற பொறியாளர் அவர் பெயரால் ஆட்சி நடத்துகிறார். துரை பங்களாவில் இருக்கிறாரா, சீமைக்குப் போய்விட்டாரா என்று அறியாமலேயே கங்காணியின் குரலுக்கு நடுங்கிய எங்கள் பாட்டன்மாருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியிருக்காது.

கடைப்பெட்டிக்காரர்கள் லேட்டன் தலைமையில் எழுச்சி பெற்று வெல்கிறார்கள். அதற்குப் பின் வருவதுதான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. மக்களாட்சியை வாக்களித்த லேட்டன், இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே இராணுவச் சட்டத்தை அறிவிக்கிறான். மூன்றாம் பருவத்தில், ‘நியூ ஈடன்’ என்னும் வெப்பமான நிலப்பகுதி இருப்பதாக, ஆதாரம் இல்லாமலே மக்களிடம் பொய் சொல்லுகிறான். அவர்களுக்கு நம்பிக்கை வேண்டும் என்பது அவன் தரப்பு நியாயம். முடிவில் பொய் வெளிப்படுகிறது. லேட்டனும் மெலனியும் உண்மையை ஒப்புக்கொண்டு, எங்கே போவது என்ற முடிவை மக்களிடமே விடுகிறார்கள். ரயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதியினர் இறங்கி நிலத்தில் வாழப் போகிறார்கள்; மறுபகுதியினர் தொடர்ந்து ஓடுகிறார்கள். தலைமை தவறை ஒப்புக்கொண்டதும் மக்கள் சிதறிவிடவில்லை. தத்தம் அறிவுக்கு ஏற்ப முடிவெடுத்தார்கள். இதை எழுதியவர்கள் நம் தோழர்கள் அல்லர். எனினும் நாம் கற்க வேண்டிய பாடம் இது.

இறுதிப் பருவம் வெளிவந்த கதையே ஒரு தனிப்பாடம். படப்பிடிப்பு முடிந்து பத்து அத்தியாயங்களும் கையில் இருந்த நிலையில், தங்கள் அலைவரிசையில் அதை ஒளிபரப்பப் போவதில்லை என்று டிஎன்டி நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அதன் தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, 2022-இல் நடந்த இணைப்புக்குப் பின் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கலைஞர்கள், தச்சர்கள், மின்பணியாளர்கள், தையற்காரர்களின் உழைப்பு ஒரு கணக்குப் புத்தகத்தின் பற்று வரிக்குள் அடங்கிப் போயிற்று. 2024 மார்ச்சில் ஏஎம்சி நிறுவனம் வாங்கிக்கொண்டதால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. இடைப்பட்ட 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்களும் 118 நாள் களத்தில் நின்றார்கள். உழைத்துச் செய்த பொருள் உழைத்தவனுக்கே எட்டாமல் போவதற்கு இனி வேறு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த இறுதிப் பருவம் என்ன செய்தது? நியூ ஈடனில் இறங்கியவர்கள் பல மாதங்களாக வாழ்ந்து வருவதிலிருந்து அது தொடங்குகிறது. ரயில் நின்றுவிட்டது, வகுப்புகள் இல்லை, சீமான் வீட்டுப் பிள்ளையும் கடைப்பெட்டிப் பிள்ளையும் ஒரே பனியில் விளையாடுகிறார்கள். இனி கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை! அடுப்புக்கு விறகு யார் கொண்டுவருவது? பங்கீட்டை யார் முடிவு செய்வது? கட்டிய வீடு யாருடையது? தொடரோ இவற்றில் நிலைகொள்ளவில்லை. எஞ்சிய இராணுவப் படை ஒன்றும், பூமியை மீண்டும் வெப்பமாக்க வேறொரு வேதிப்பொருளோடு புறப்படும் விஞ்ஞானி ஒருவரும் வருகிறார்கள். குழந்தை கடத்தப்படுகிறது, துரத்தலும் துப்பாக்கியும் தொடங்குகின்றன. ஒரு வேதிப்பொருள் செய்த கேட்டை இன்னொன்றால் தீர்க்க முயலும் ஆணவத்தைத் தொடர் நன்றாகவே கண்டிக்கிறது. முடிவைச் சொன்னால் இனிப் பார்க்கப்போகும் தோழர்கள் என்னைக் கோபிப்பார்கள். எனினும் ஒன்றைச் சொல்லலாம். யார் எஞ்சினைப் பிடிப்பது என்ற பழைய கேள்வியில் தொடருக்கு இருந்த ஆர்வம், இறங்கியவர்கள் எப்படி வாழ்வது என்ற புதிய கேள்வியில் இல்லை.

என் மகளின் மடிக்கணினியில் முதல் அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த என் தங்கையும் உடன் அமர்ந்தாள். அவள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து எடுப்பவள். ஆங்கிலம் தெரியாது, நான் அங்கங்கே சொல்லிக்கொண்டே வந்தேன். நியூ ஈடன் வீடுகளைக் கண்டதும் அவள் கேட்டாள்: “இந்த வீட்டுக்கெல்லாம் பட்டா யாருண்ணே குடுத்தா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டப்பட்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அது நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வேலை முடிகிற நாளில் வீடும் முடிகிறது. சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்பது பல தோட்டங்களில் நடைமுறை. வீட்டைத் தக்கவைக்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் கூடையை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் தங்கை எடுத்தாள். அதனால்தான் எங்கள் தாய் அந்த லயத்திலேயே கண்மூட முடிந்தது. அதனால்தான் நான் எம்.ஏ. தமிழ் படிக்க முடிந்தது. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. மகள்கள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். கூடையை எடுக்க ஆளில்லை.

மூணாற்றுக்கு ரயில் நின்றுபோன கதை புதிதன்று. 1908 முதல் இங்கே குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. மூணாற்றுத் தேயிலை அதில் ஏறி டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924 ஜூலைப் பெருவெள்ளம், மலையாளத்தில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள், அதை அடித்துக்கொண்டு போயிற்று. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. ரயிலின் பெயர் சுற்றுலாக் கையேடுகளில் நிலைத்துவிட்டது. அதில் பெட்டி ஏற்றியவர்களின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பலரின் பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. அன்றிரவே கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம், பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு ஐந்து இலட்சம் என மாநில அரசு அறிவித்தது. முதல் வகுப்புக்கும் கடைப்பெட்டிக்கும் உள்ள வேறுபாடா இது என்று மூணாற்று மக்கள் கேட்டார்கள். அன்று இடதுசாரிகள் ஆண்ட மாநிலத்தில் எழுந்த அந்தக் கேள்வியை நாம் மறந்துவிடக் கூடாது.

அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2015 செப்டம்பரில், ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். குறைக்கப்பட்ட போனஸை இருபது விழுக்காடாக்க வேண்டும், கூலி 500 ரூபாய் வேண்டும் என்பவை கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்கள் எவரையும், நம்மவர் உட்பட, அவர்கள் அருகில் விடவில்லை. வி.எஸ். அச்சுதானந்தன் மட்டும் அவர்களோடு அமர முடிந்தது. ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது. கூட்டத்தில் என் தங்கை இருந்தாள். நான் எதிர்ப்புறக் கடையோரம் நின்றிருந்தேன். அன்றிரவு அவள் சொன்னதை நான் எந்தக் கட்சி அறிக்கையிலும் மொழிபெயர்த்ததில்லை. “கூலியக் கூட்டிக் கேக்குறோம், சரிண்ணே. வேல முடிஞ்ச அன்னிக்கி நான் எங்க எறங்குறது?”

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் நமது பெருமை. 1970 முதல் குடிசைவாசிகளுக்குக் குடியிருந்த மண்ணில் உரிமை கிடைத்தது. ஆயினும் தோட்டங்களுக்கு உச்சவரம்பில் விலக்கு அளிக்கப்பட்டது. லயத்து வாசலோடு அந்தச் சீர்திருத்தம் நின்றுவிட்டது. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்கள் மீட்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அரசு மீட்ட நிலம் இம்மலையிலேயே இருக்கிறது. பெட்டிமுடியில் எஞ்சிய எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஆக, மனமிருந்தால் முடியும். ஆனால் மனம் பிறக்க எழுபது பேர் மடிய வேண்டியிருந்தது.

புரட்சியை ரயில் எஞ்சினுக்கு ஒப்பிட்டார் மார்க்ஸ். வால்டர் பெஞ்சமினோ அதை ஓடும் ரயிலின் அபாயச் சங்கிலியை இழுக்கும் செயலாகக் கண்டார். இரண்டையும் தமிழாக்கியவன் நான். இரண்டிலும் இல்லாத ஒன்றை என் தங்கை கேட்டாள். எஞ்சினைக் கைப்பற்றலாம், சங்கிலியை இழுக்கலாம். இறங்கினால் காலூன்ற மண் வேண்டுமே?

கூலியும் போனஸும் ரயிலுக்குள் கிடைக்கும் இருக்கை. அவற்றுக்காக நாம் போராடினோம், இனியும் போராடுவோம். ஆனால் ஓய்வு பெறும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும், வேலையோடு கட்டப்படாத வீடும், பெண்ணின் பெயரில் பட்டாவும், மண் சரியாத இடத்தில் வேண்டும் என்பதை, கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தை மொழிபெயர்க்கும்போது அந்த முதல் வரியைத் தேடுவேன். என் தங்கைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.